கனரகத் தொழிலுக்குக் கார்பன் விலை: வரியா, சந்தையா, எல்லையா, ஒப்பந்தமா?

கார்பனுக்கு ஒரு விலை வைத்துவிட்டால் போதும், மற்றதைச் சந்தையே பார்த்துக்கொள்ளும் என்பது பொருளாதாரப் பாடத்தில் சீக்கிரமே வந்துவிடும் விஷயம். உன் புகையால் ஊருக்கு ஆகும் செலவை உன் கணக்கிலேயே எழுதிவிட்டால் நீயே புகையைக் குறைக்க வழி தேடுவாய். பொருளாதார அறிஞர் ஆர்தர் பிகூ 1920-ல் முன்வைத்த யோசனையின் நீட்சிதான் இது. மின்சாரத்தில் கிட்டத்தட்ட அப்படியே நடந்தும் இருக்கிறது. பிரிட்டன் 2013-ல் ஐரோப்பியக் கார்பன் விலைக்கு மேல் தன் பங்குக்கு ஒரு கூடுதல் வரியைப் போட்டு, சில வருடங்களில் அதை டன்னுக்கு 18 பவுண்டுக்கு ஏற்றி அங்கேயே நிறுத்திவைத்தது. 2012-ல் அந்த நாட்டு மின்சாரத்தில் ஏறத்தாழ 40 சதவீதம் நிலக்கரியிலிருந்து வந்துகொண்டிருந்தது. 2024 செப்டம்பர் 30 அன்று கடைசி நிலக்கரி மின்நிலையமும் மூடப்பட்டது. கார்பன் விலை மட்டுமே காரணம் இல்லை, காற்றாலைகளும் பழைய நிலையங்களின் வயதும் சேர்ந்துகொண்டன, ஆனாலும் விலைக்கு அதில் பெரிய பங்கு உண்டு.

அது அவ்வளவு சீக்கிரம் நடந்ததற்கு ஒரு சாதாரணக் காரணம் இருக்கிறது. எரிவாயு நிலையங்கள் ஏற்கெனவே கட்டி நின்றன. கணக்கு மாறியதும் எதை ஓட்டுவது, எதை நிறுத்துவது என்று மாற்றிக்கொண்டார்கள், அவ்வளவுதான். எஃகு ஆலையில் அப்படி மாற்றி ஓட்ட இன்னொரு உலை பக்கத்தில் தயாராக நிற்பதில்லை. தாதுவை நிலக்கரியோடு சேர்த்து உருக்கி இரும்பு எடுக்கும் ஊது உலையின் உட்சுவரைப் பிரித்துப் புதிதாகக் கட்டும் வேலை 15, 20 வருடத்துக்கு ஒருமுறைதான் வருகிறது, அந்த ஒரு தருணத்தில் எடுக்கும் முடிவுதான் அடுத்த இருபது வருடப் புகையைத் தீர்மானிக்கிறது. நடுவில் கார்பன் விலை எவ்வளவு ஏறினாலும் உலையைக் கொஞ்சம் சிக்கனமாக ஓட்டலாம், கொஞ்சம் கூடுதலாகப் பழைய இரும்பைப் போடலாம், அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே இந்தத் தொழில்களுக்கு இன்றைய விலையைவிட, அந்த விலை இன்னும் 15 வருடம் கழித்தும் இருக்கும் என்று முதலீடு செய்பவர் நம்புகிறாரா என்பதுதான் முக்கியம். கையில் இருக்கும் வழிகளை எல்லாம் இந்த ஒரு அளவுகோலை வைத்துத்தான் நான் ஒப்பிடப் போகிறேன்.

முதலில் கொஞ்சம் கணக்கு

ஊது உலை வழியாக ஒரு டன் எஃகு செய்தால் 2 டன்னுக்குச் சற்று மேலேயே கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. சிமென்ட்டில் டன்னுக்குச் சுமார் 0.6 டன். உலக உமிழ்வில் இந்த இரண்டு தொழில்களும் தலா ஏறத்தாழ 7 சதவீதம், பார்த்தால் பெரிய பெரிய நாடுகளுக்குச் சமம். சிமென்ட்டில் இன்னொரு வம்பு: சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் கல்லுக்குள்ளேயே இருக்கும் கார்பன் வெளியே வந்துவிடும், மொத்தப் புகையில் ஏறத்தாழ 60 சதவீதம் அதுதான். எரிபொருளை என்னதான் மாற்றினாலும் அந்தப் பகுதி அப்படியே நிற்கும்.

இப்போது டன் கார்பனுக்கு 80 யூரோ என்று வைத்துக்கொள்வோம். எஃகு டன் 600 யூரோவுக்கு விற்கிறது என்றால், முழு விலையும் கட்டும் ஆலைக்கு டன்னுக்கு 160 யூரோ கூடுதல் செலவு, அதாவது விற்பனை விலையில் கால்வாசிக்கும் மேல். சிமென்ட் டன் 90 யூரோ என்றால் 48 யூரோ, பாதிக்கும் மேல். இந்தத் தொழில்களின் லாப வரம்பு எவ்வளவு மெல்லியது என்று தெரிந்தவர்களுக்கு, கார்பன் விலை என்ற பேச்சை எடுத்தாலே ஆலை முதலாளியும் தொழிற்சங்கமும் ஒரே மேடையில் வந்து நிற்பது ஏன் என்று புரியும்.

ஆனால் அதே எஃகு ஒரு காராக மாறிய பிறகு கணக்கைப் பாருங்கள். ஒரு காரில் 900 கிலோ எஃகு இருந்தால் கூடுதல் செலவு 144 யூரோ. கார் 30,000 யூரோ என்றால் அரை சதவீதம் கூட இல்லை. ஆலை வாசலில் உயிரை எடுக்கும் தொகை, கடைசியில் வாங்குபவரிடம் போய்ச் சேரும்போது கண்ணுக்கே தெரிவதில்லை. கனரகத் தொழிலின் கார்பன் பொருளாதாரத்தில் பாதிச் சிக்கல் இந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது: செலவு சமூகத்தால் தாங்கக்கூடியதுதான், அதை ஆலையிலிருந்து வாங்குபவர் வரை இறக்கிக் கொண்டுபோக வழி வேண்டும். வெளிநாட்டிலிருந்து கார்பன் விலை இல்லாத எஃகு வந்து இறங்கும் வரை ஆலையால் விலையை ஏற்ற முடியாது, ஏற்றினால் ஆர்டர் போய்விடும்.

வரியா, உச்சவரம்பா

பாடப்புத்தகங்கள் அதிகப் பக்கம் ஒதுக்கும் சண்டை இது, எனக்கு அதில் அவ்வளவு சுவாரசியம் இல்லை. வரி என்றால் விலை நிலையாக இருக்கும், உமிழ்வு எவ்வளவு குறையும் என்பது பிறகு தெரியும். மொத்தப் புகைக்கு ஒரு உச்சவரம்பு வைத்து, புகை விடும் அனுமதிகளை விற்றால் உமிழ்வு நிலையாக இருக்கும், விலை ஆடும். எந்தச் சூழலில் எது நல்லது என்று பொருளாதார அறிஞர் மார்ட்டின் வைட்ஸ்மன் 1974-லேயே தெளிவாக எழுதிவிட்டார்.

நடைமுறையில் ஐரோப்பியச் சந்தையின் கதையைப் பார்த்தால் போதும். 2005-ல் தொடங்கியது, அனுமதிகளை அள்ளிக் கொடுத்திருந்ததால் 2007-ல் விலை பூஜ்ஜியத்தைத் தொட்டது. 2008 நெருக்கடியில் உற்பத்தி விழுந்தது, அனுமதிகள் தேங்கின, 2012-க்குப் பிறகு பல வருடங்கள் விலை 10 யூரோவுக்குக் கீழேயே கிடந்தது. மிச்சமான அனுமதிகளைச் சந்தையிலிருந்து தானாக உறிஞ்சும் கையிருப்பு ஏற்பாடு 2019-ல் வரும் என்று உறுதியான பிறகுதான் விலை நிமிர்ந்தது, 2023 பிப்ரவரியில் 100 யூரோவைத் தாண்டியது, அப்புறம் மறுபடி இறங்கியது. ஊது உலைக்குப் பதிலாக என்ன கட்டுவது என்று 2013-ல் யோசித்த ஒரு நிர்வாகி இந்த விலையை நம்பி எதையும் கட்டியிருக்க மாட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

சரி, வரி என்றால் நிலையானதா? ஆஸ்திரேலியா 2012 ஜூலையில் டன்னுக்கு 23 ஆஸ்திரேலிய டாலர் என்று தொடங்கியது, ஆட்சி மாறியது, 2014 ஜூலையில் ரத்து. கனடாவில் பொதுமக்கள் எரிபொருளுக்குக் கட்டிய கார்பன் கட்டணம் 2025 ஏப்ரலில் நின்றுபோனது, தொழிற்சாலைகளுக்கான பகுதி மட்டும் மிஞ்சியது. சட்டத்தில் எழுதியிருப்பதால் மட்டும் எந்த விலையும் நிலைத்துவிடுவதில்லை. மறுபக்கம் ஸ்வீடன் 1991-ல் தொடங்கி இன்று வரை விடாமல் ஏற்றிக்கொண்டே வந்திருக்கிறது, ஆனால் அங்கேயும் தொழிற்சாலைகளுக்குப் பல வருடங்கள் சலுகை விகிதம்தான் இருந்தது.

என்னைக் கேட்டால், சந்தை வைத்து, விலை இதற்குக் கீழே போகக் கூடாது என்று ஒரு தரை விலையும் வைப்பதுதான் இந்த இரண்டின் நல்ல பகுதிகளையும் தருகிறது. கலிபோர்னியா தொடக்கத்திலிருந்தே ஏலத்துக்குத் தரை விலை வைத்து, அதை ஒவ்வொரு வருடமும் பணவீக்கத்துக்கு மேல் 5 சதவீதம் ஏற்றிக்கொண்டு வருகிறது. நிர்வாகத் திறன் குறைவான, நாலைந்து பெரிய ஆலைகள் மட்டுமே இருக்கும் சின்ன நாட்டுக்குச் சந்தை வேண்டாம், வாங்கவும் விற்கவும் ஆளே இருக்காது, நேரடி வரி போதும். சிங்கப்பூர் அப்படித்தான் செய்தது: 2019-ல் 5 சிங்கப்பூர் டாலரில் தொடங்கி, 2024-ல் 25, 2026-ல் 45 என்று ஏறும் அட்டவணையை முன்கூட்டியே சொல்லிவிட்டது. அந்த அட்டவணைதான் அதில் இருக்கும் நல்ல விஷயம்.

இலவச ஒதுக்கீடு: பேச்சு குறைவு, பணம் அதிகம்

வரியோ சந்தையோ, கனரகத் தொழிலுக்கு வந்ததும் கிட்டத்தட்ட எல்லா நாடும் ஒரு விலக்கைச் சேர்த்துவிடுகிறது. முழு விலை போட்டால் ஆலை வெளிநாட்டுக்குப் போய்விடும், அங்கே அதே புகையை விடும் என்ற பயம்தான் காரணம். தென்னாப்பிரிக்கா 2019-ல் கார்பன் வரியைக் கொண்டுவந்தபோது உமிழ்வில் 60 சதவீதத்துக்கு அடிப்படை விலக்கு கொடுத்தே தொடங்கியது. ஐரோப்பா, தொழில்வாரியாக மிகச் சிறந்த 10 சதவீத ஆலைகளின் செயல்திறனை வைத்து ஒரு பெஞ்ச்மார்க் போட்டு, அந்த அளவுக்கு அனுமதிகளை இலவசமாகக் கொடுத்தது. கனடா, சீனா, இந்தியாவின் கார்பன் வரவு வணிகத் திட்டம் எல்லாமே ஒரு டன் பொருளுக்கு இவ்வளவு உமிழ்வு என்று வரையறுத்து, அதற்கு மேல் போனால் வாங்கு, கீழே வந்தால் விற்றுக்கொள் என்ற வகை.

இந்த ஏற்பாட்டைச் சிலர் ஏமாற்று வேலை என்றே ஒதுக்கிவிடுகிறார்கள். அது சரியில்லை. பெஞ்ச்மார்க் டன் எஃகுக்கு 1.6, ஒரு ஆலையின் அளவு 1.9 என்றால், 80 யூரோ விலையில் அது டன்னுக்கு 24 யூரோதான் கட்டுகிறது. ஆனால் அடுத்து குறைக்கும் ஒவ்வொரு டன் கார்பனுக்கும் முழு 80 யூரோ மிச்சமாகிறது. சராசரிச் செலவு சின்னது, விளிம்பில் இருக்கும் ஊக்கம் முழுசு. ஆலைக்குள்ளே செய்யக்கூடிய மாற்றங்களுக்கு இது போதும், ஆலையும் ஓடிப்போகாது. தொடங்கும் நாட்டுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

பிரச்சினை வெளியே இருக்கிறது. எஃகின் விலை 152 யூரோ ஏற வேண்டிய இடத்தில் 24 யூரோதான் ஏறுகிறது, ஆகவே வாங்குபவருக்கு ஒன்றுமே தெரிவதில்லை. கட்டடத்தில் தேவைக்கு மேல் கம்பி போடும் பொறியாளர் அப்படியே போடுவார், மரத்தையோ வேறு பொருளையோ யோசிக்க வேண்டிய அவசியம் யாருக்கும் வராது. குறைவாகப் பயன்படுத்துவது என்ற, எல்லாவற்றிலும் மலிவான வழி கணக்கிலிருந்தே காணாமல் போய்விடுகிறது.

இன்னொன்று, பெஞ்ச்மார்க்கை எந்தப் பொருளின் மேல் போடுகிறோம் என்பது. இது யாரும் படிக்காத இணைப்பு அட்டவணையில் இருக்கும், ஆனால் கோடிக்கணக்கான பணம் அங்கேதான் நகர்கிறது. ஐரோப்பாவில் சிமென்ட்டுக்கான பெஞ்ச்மார்க் சிமென்ட்டின் மேல் இல்லை, கிளிங்கரின் மேல். கிளிங்கர்தான் சுண்ணாம்புக்கல்லைச் சுட்டு எடுப்பது, சிமென்ட்டின் புகை கிட்டத்தட்ட முழுக்க அதிலிருந்துதான். சுட்ட களிமண்ணையும் அரைத்த சுண்ணாம்புக்கல்லையும் கலந்து கிளிங்கரைப் பாதியாக்கினால் உமிழ்வு 40 சதவீதம் வரை குறையும், தொழில்நுட்பம் கையில் இருக்கிறது, பெரிய செலவும் இல்லை. ஆனால் கிளிங்கர் குறைந்தால் இலவச அனுமதியும் குறையும் என்றால் அந்தப் பக்கம் போக ஆலைக்கு என்ன அவசரம்? எஃகிலும் இதே கதை நடந்தது. ஊது உலையில் இருந்து வரும் உருகிய இரும்புக்கு ஒரு பெஞ்ச்மார்க், இரும்பை மின்சாரத்தால் உருக்கும் மின்வில் உலைக்கு வேறு ஒன்று, ஆகவே சுத்தமான வழிக்கு மாறினால் இலவச அனுமதியை இழக்க வேண்டியிருந்தது. அண்மைத் திருத்தத்தில்தான் எப்படிச் செய்தாலும் இரும்பு இரும்புதான் என்று வரையறையை விரித்தார்கள். புதிதாகத் திட்டம் வரையும் நாடு இந்த ஒரு பாடத்தை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம்: பெஞ்ச்மார்க்கைச் செய்முறையின் மேல் போடாதீர்கள், வாங்குபவர் கையில் வாங்கும் பொருளின் மேல் போடுங்கள்.

எல்லையில் வசூலிப்பது

இலவச ஒதுக்கீட்டை நிறுத்த வேண்டும், ஆலையும் ஓடிப்போகக் கூடாது என்றால் மிஞ்சும் வழி, வெளியிலிருந்து வரும் பொருளுக்கும் அதே கார்பன் விலையைப் போடுவது. ஐரோப்பிய ஒன்றியம் இதைத்தான் செய்கிறது. 2023 அக்டோபரில் அறிக்கை கொடுக்கும் கட்டம் தொடங்கியது, 2026 ஜனவரி 1 முதல் பணம் கட்டும் கடமை. இரும்பு எஃகு, அலுமினியம், சிமென்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகியவை பட்டியலில் இருக்கின்றன. உள்நாட்டு ஆலைகளின் இலவச அனுமதி 2026-ல் வெறும் 2.5 சதவீதம் வெட்டப்படும், 2030-ல் 48.5, 2034-ல் முழுவதும் போய்விடும். எல்லையில் கட்டும் தொகையும் இதே வேகத்தில்தான் ஏறும் என்பதால் முதல் சில வருடங்களில் யாருக்கும் பெரிதாக வலிக்காது, கடைசி ஐந்து வருடத்தில் ஒரேயடியாக வலிக்கும்.

தத்துவமாகப் பார்த்தால் இதுதான் சுத்தமான தீர்வு. முழு விலையும் பொருளின் விலையில் ஏறும், வாங்குபவர் வரை இறங்கும். ஆனால் ஓட்டைகள் நிறைய. முதலாவது, ஏற்றுமதி. உள்நாட்டுச் சந்தையில் எல்லாரும் சமம், ஆனால் வெளியே விற்கும் எஃகு கார்பன் விலை கட்டாத எஃகோடு மோத வேண்டும். ஏற்றுமதிக்கு வரியைத் திருப்பிக் கொடுத்தால் உலக வர்த்தக விதிகளோடு சிக்கல். இரண்டாவது, மாற்றி அனுப்புவது. நீர்மின்சாரத்தில் செய்த அலுமினியத்தை ஐரோப்பாவுக்கும் நிலக்கரி மின்சாரத்தில் செய்ததை மற்ற ஊர்களுக்கும் அனுப்பிவிட்டால் காகிதத்தில் எல்லாம் சரி, வானத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இத்தனைக்கும் அலுமினியத்துக்கு இப்போதைக்கு ஆலையில் நேரடியாக வரும் புகையை மட்டும்தான் எண்ணுகிறார்கள், மின்சாரத்தின் புகையைச் சேர்ப்பதில்லை. ஒரு டன் அலுமினியத்துக்கு 13,000 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும் என்னும்போது, எண்ணாமல் விட்ட பகுதிதான் பெரிய பகுதி. மூன்றாவது, எஃகுக்கு வரி, எஃகால் செய்த இயந்திரத்துக்கு இல்லை என்றால் எஃகை விட்டுவிட்டு இயந்திரமாகவே இறக்குமதி செய்வார்கள்.

ஏற்றுமதி செய்யும் நாட்டின் பக்கத்திலிருந்து பார்த்தால் இது வேறு மாதிரி முடிவு. பிறந்த நாட்டில் ஏற்கெனவே கட்டிய கார்பன் விலையை எல்லையில் கழித்துக்கொள்ளலாம். ஆகவே அந்தப் பணம் எந்தக் கஜானாவுக்குப் போக வேண்டும் என்பதை உள்நாட்டு அரசே முடிவு செய்யலாம். ஆனால் இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. கழிப்பது உண்மையில் கட்டிய விலையை மட்டும்தான். முன்னே பார்த்த பெஞ்ச்மார்க் ஏற்பாட்டில் ஆலை டன் எஃகுக்கு 24 யூரோதான் கட்டுகிறது என்றால் கழிவும் அந்த 24-தான். எங்களிடமும் கார்பன் சந்தை இருக்கிறது என்று சொல்வதால் மட்டும் எல்லையில் ஒன்றும் குறையாது. இந்தியாவும் சீனாவும் இந்த வரியைப் பாதுகாப்புவாதம் என்று எதிர்க்கின்றன, அதில் நியாயமும் உண்டு. இதில் வசூலாகும் பணம் ஏழை நாடுகளின் ஆலைகளை மாற்றத் திரும்பிப் போவதாக உறுதியான ஏற்பாடு எதுவும் இல்லை. ஆனால் எதிர்த்துக்கொண்டே உள்நாட்டில் ஏற்பாடு செய்வதுதான் இரண்டு நாடுகளும் செய்துகொண்டிருப்பது, நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

என் கணிப்பில் எல்லை வரி பெரிய சந்தை உள்ளவர்களுக்கான ஆயுதம். நிறைய இறக்குமதி செய்து உள்ளேயே பயன்படுத்தும் நாட்டுக்குப் பொருந்தும். உற்பத்தியில் பாதியை ஏற்றுமதி செய்யும் நாடு இதை வைத்தால் தன் ஆலைக்குத் தானே குழி வெட்டுகிறது.

மானியமும் ஒப்பந்தமும்

அமெரிக்கா 2022-ல் தண்டனை என்ற தடியைக் கீழே போட்டுவிட்டுச் சலுகை என்ற கேரட்டை மட்டும் எடுத்தது. கார்பனைப் பிடித்து நிலத்தடியில் சேமித்தால் டன்னுக்கு 85 டாலர் வரிச் சலுகை, சுத்தமான ஹைட்ரஜனுக்குக் கிலோவுக்கு 3 டாலர் வரை. முதலீட்டாளர்கள் ஓடி வந்தார்கள். 2025 ஜூலையில் புதிய சட்டம் வந்து, ஹைட்ரஜன் சலுகை வேண்டுமானால் 2027 முடிவதற்குள் கட்டுமானத்தைத் தொடங்கியிருக்க வேண்டும் என்று கதவைச் சாத்தியது. மானியத்தின் அடிப்படைக் குறை இதுதான், அடுத்த பட்ஜெட்டில் காணாமல் போகலாம். அதோடு பழைய உலையை ஓட்டுபவருக்கு இதில் ஒரு செலவும் இல்லை, அவர் நிம்மதியாக ஓட்டிக்கொண்டே இருக்கலாம்.

மொத்தமாகப் பணத்தைக் கொடுத்துக் கட்டச் சொல்வதும் உண்டு. பிரிட்டனில் போர்ட் டால்பட் எஃகு ஆலையில் மின்வில் உலை கட்ட 125 கோடி பவுண்டு திட்டத்தில் அரசு 50 கோடி கொடுத்தது. அந்த ஆலையின் கடைசி ஊது உலை 2024 செப்டம்பர் 30 அன்று அணைந்தது (கடைசி நிலக்கரி மின்நிலையம் மூடிய அதே நாள், தற்செயல்தான்). உமிழ்வு குறையும், சந்தேகம் இல்லை, ஆனால் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வேலைகள் போயின, புதிய உலை ஓடப்போவது பழைய இரும்பில். தாதுவிலிருந்து இரும்பு எடுக்கும் வேலை அந்த ஆலையில் முடிந்தது. ஜெர்மனியில் இன்னும் சுவாரசியம்: பிரேமனிலும் ஐசன்ஹூட்டன்ஷ்டாட்டிலும் நிலக்கரிக்குப் பதில் ஹைட்ரஜனை வைத்துச் செய்யும் எஃகுக்காகத் தயாராக வைத்திருந்த 130 கோடி யூரோ அரசுப் பணத்தை எஃகு நிறுவனமான ஆர்செலர்மிட்டல் 2025 ஜூனில் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. கட்டும் செலவுக்குப் பணம் கிடைத்தாலும் ஓட்டும் செலவுக்கு யார் பதில் சொல்வது? ஒரு டன் எஃகுக்கு 50 கிலோவுக்கு மேல் ஹைட்ரஜன் வேண்டும், ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் 50 யூனிட் மின்சாரம். மின்சாரம் மலிவாக இல்லாத ஊரில் எந்த மானியத்தாலும் இந்தக் கணக்கை நேராக்க முடியாது.

இந்த இடத்தில்தான் எனக்குப் பிடித்த வழி வருகிறது: கார்பன் விலை வித்தியாச ஒப்பந்தம். பெயர்தான் கரடுமுரடு, உள்ளே இருப்பது எளிது. ஒரு ஆலை, கார்பன் விலை டன்னுக்கு 150 யூரோவாக 15 வருடம் இருந்தால் நான் சுத்தமான உலை கட்டி ஓட்டுவேன் என்று ஏலத்தில் சொல்கிறது. சந்தை விலை 70 என்றால் அரசு மிச்சம் 80-ஐக் கொடுக்கும். சந்தை விலை 170-க்குப் போனால் ஆலை 20-ஐத் திருப்பிக் கட்டும். ஜெர்மனி முதல் சுற்றில், 2024-ல், 15 நிறுவனங்களோடு 15 வருடத்துக்கு அதிகபட்சம் 280 கோடி யூரோ வரை இப்படி ஒப்பந்தம் போட்டது.

இதை நான் விரும்புவதற்குக் காரணம், அபாயம் சரியான ஆள் தலையில் விழுகிறது. எதிர்காலக் கார்பன் விலை என்பது பெரும்பாலும் அரசு எடுக்கும் முடிவு. அந்த முடிவு எப்படி இருக்கும் என்று ஆலை நிர்வாகியை ஊகிக்கச் சொல்வதைவிட, முடிவெடுக்கும் அரசையே அதன் விளைவுக்குப் பொறுப்பாக்குவது நியாயம். விலையைக் குலைத்தால் தன் கஜானாவிலிருந்தே பணம் போகும் என்று தெரிந்தால் எந்த நிதியமைச்சரும் இரண்டு தடவை யோசிப்பார். ஆட்சி மாறினாலும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை உடைப்பது ஒரு சட்டத்தை ரத்து செய்வதைவிடக் கஷ்டம். கட்டும் செலவு, ஓட்டும் செலவு இரண்டும் ஏலத்தொகைக்குள் வந்துவிடுவதால் மேலே சொன்ன ஜெர்மனி மாதிரியான ஓட்டையும் குறைகிறது.

இதற்கும் எல்லை உண்டு. எல்லா ஆலைகளுக்கும் இப்படிக் கொடுத்தால் பட்ஜெட் தாங்காது, முதல் சில ஆலைகளுக்கு மட்டும்தான். ஏலத்தில் நாலு பேர் மட்டும் வந்தால் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு விலையை ஏற்றுவார்கள். கீழே கார்பன் விலை என்று ஒன்று இல்லாமல் இதைப் போட்டால் முழுத் தொகையும் அரசு தலையில் விழும், அது வெறும் மானியம்தான். சிமென்ட்டில் கார்பனைப் பிடிப்பதற்கு இது நன்றாகப் பொருந்தும். நார்வேயின் பிரேவிக் சிமென்ட் ஆலையில் 2025-ல் திறந்த பிடிப்பு அமைப்பு வருடத்துக்கு 4 லட்சம் டன் கார்பனைப் பிடிக்கிறது, அந்த ஆலையின் உமிழ்வில் பாதி. அது அரசு பெரும்பகுதிச் செலவை ஏற்றுக்கொண்டதால்தான் நடந்தது, கார்பன் விலையை மட்டும் நம்பி நடக்கவில்லை.

விதியும் கொள்முதலும்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பல நாடுகளில் சிமென்ட்டின் பெரிய வாடிக்கையாளர்களில் அரசும் ஒன்று, சாலை, பாலம், அணை என்று. டெண்டரில் ஒரு கன மீட்டர் கான்கிரீட்டுக்கு இவ்வளவு கார்பனுக்கு மேல் கூடாது என்று ஒரு வரி சேர்த்தால் நாளைக்கே சந்தை உருவாகும். கலிபோர்னியா 2017-லேயே எஃகு, கண்ணாடி போன்ற சில பொருட்களுக்கு இப்படிச் சட்டம் போட்டது. அதோடு, சிமென்ட்டில் என்னென்ன கலவை எவ்வளவு இருக்க வேண்டும் என்று சொல்லும் பழைய தர விதிகளை மாற்றி, எவ்வளவு பலம் தர வேண்டும் என்று மட்டும் சொன்னால், குறைந்த கிளிங்கர் சிமென்ட் உள்ளே வர வழி கிடைக்கும். இதற்குப் பட்ஜெட்டில் ஒரு பைசா வேண்டாம். கார்பன் விலை 200 யூரோ ஆனாலும் தர விதி அனுமதிக்காத சிமென்ட்டை எந்த ஒப்பந்ததாரரும் வாங்க மாட்டார் என்பதைப் பொருளாதார வாதங்கள் பலமுறை மறந்துவிடுகின்றன.

ஆக, எதைத் தேர்ந்தெடுப்பது

கனரகத் தொழில் நிறைய உள்ள, இப்போதுதான் தொடங்கும் நாடு என்றால் நான் தேர்ந்தெடுப்பது இது. அடித்தளமாகப் பொருளின் மேல் போட்ட பெஞ்ச்மார்க்கும் வணிகமும், அதற்கு வருடா வருடம் ஏறும் தரை விலை. பெஞ்ச்மார்க் எந்த வேகத்தில் இறங்கும் என்று பத்து வருட அட்டவணை முதல் நாளே வெளியாக வேண்டும். ஆஸ்திரேலியா 2023-ல் சீர்திருத்திய திட்டத்தில் அடிப்படை அளவு 2030 வரை வருடம் 4.9 சதவீதம் இறங்கும் என்று சொல்லிவிட்டது, அந்த மாதிரி. அதன் மேல் சின்ன அளவில், ஏலத்தில், இரண்டு மூன்று ஆலைகளுக்கு மட்டும் வித்தியாச ஒப்பந்தம். அதுவும் ஊது உலையின் உட்சுவர் மாற்றும் காலம் நெருங்கும் ஆலைக்கு முன்னுரிமை, ஏனென்றால் போன வருடம்தான் உலையைப் புதுப்பித்த ஆலையிடம் பேசிப் பயனில்லை. தர விதியும் கொள்முதலும் இதற்கெல்லாம் காத்திருக்க வேண்டாம், உடனே தொடங்கலாம்.

இறக்குமதி அதிகமாகவும் ஏற்றுமதி குறைவாகவும் உள்ள பணக்கார நாடு என்றால் எல்லை வரியோடு முழு ஏலத்துக்குப் போவதே சரி, இலவச ஒதுக்கீட்டை இழுத்துக்கொண்டே போவதில் பொருள் இல்லை. நாலைந்து ஆலை உள்ள நாட்டுக்கு அட்டவணையோடு கூடிய வரி. மலிவான சுத்தமான மின்சாரம் இல்லாத நாடு ஹைட்ரஜன் எஃகு என்ற பேச்சையே கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, பழைய இரும்பு, குறைந்த கிளிங்கர், வீணாகும் வெப்பத்தைப் பிடிப்பது என்று கையில் இருப்பதை முதலில் செய்யட்டும். அதற்கே நிறைய இடம் இருக்கிறது. நேரடிக் குறைப்பு இரும்பை (ஊது உலை இல்லாமல் தாதுவிலிருந்து எடுக்கும் இரும்பு) அப்போது மின்சாரம் மலிவாக இருக்கும் நாட்டிலிருந்து வாங்கலாம், தாதுவை இறக்குமதி செய்பவர்கள் இரும்பை இறக்குமதி செய்வதில் அவமானம் ஒன்றும் இல்லை.

இவற்றில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் வருட வேலை ஒன்றுதான்: ஒவ்வொரு ஆலையிலும் எவ்வளவு வெளியாகிறது என்று அளந்து, வெளியாள் ஒருவர் சரிபார்த்துப் பதிவு செய்வது. அந்த எண் இல்லாவிட்டால் பெஞ்ச்மார்க் போட முடியாது, ஏலம் விட முடியாது. சரிபார்த்த சொந்த அளவு இல்லாத இறக்குமதிக்கு ஐரோப்பிய எல்லையில், வேண்டுமென்றே கொஞ்சம் தூக்கி வைத்த இயல்புநிலை மதிப்பைப் போட்டு வசூலிப்பார்கள், நல்ல ஆலையும் மோசமான ஆலையின் தொகையையே கட்ட வேண்டியிருக்கும்.